உட்கார்ந்த வேலை

என் மாமியாருக்கு ஓவியம் என்றால் உயிர் என்று எங்கள் தெருவே நம்பிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், தலையைப் படிய வாரி, சாம்பல் நிறச் சால்வையைப் போர்த்திக்கொண்டு கிளம்பிவிடுவார். நகரத்தின் எந்த மூலையில் படக் கண்காட்சி திறந்தாலும் திறப்பு விழாக் கூட்டத்தில் அத்தை இருப்பார். திரும்பி வரும்போது கையில் வழவழப்பான அழைப்பிதழ் ஒன்று இருக்கும். அதை மேசைமேல் போட்டுவிட்டு ஒரு டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வார்.

"எங்கம்மா ரசனை யாருக்கு வரும்?" என்று என் கணவர் பூரித்துப்போவார். அவர் இன்சூரன்ஸ் கம்பெனியில் அதிகாரி. வீட்டிலும் அவர் இன்சூரன்ஸ்தான். மேகம் கறுக்குமுன் குடையை எடுத்து வாசலில் வைப்பார், தும்மல் வருமுன் மாத்திரை தேடுவார். அம்மா பேச்சு வந்தால் மட்டும் ஆள் இளகிவிடுவார். அப்பா இல்லாத வீட்டில் ஒற்றையாளாக நின்று, ஆபீஸில் உட்கார்ந்து வேலை பார்த்துத் தன்னைப் படிக்க வைத்த அம்மா என்று, புதிதாக யார் வந்தாலும் தேநீர் ஆறுவதற்குள் சொல்லி முடித்திருப்பார்.

எனக்கு மட்டும் சந்தேகம் இருந்தது. வீட்டில் மாட்டியிருக்கும் காலண்டர் படத்தைக்கூட அத்தை ஏறெடுத்துப் பார்த்ததில்லை. ஓசி ஜூஸுக்கும் பிஸ்கட்டுக்கும்தான் போகிறார் என்று முடிவு கட்டியிருந்தேன். மருமகள் புத்தி வேறு எப்படிப் போகும்?

பிறகு அத்தைக்கு இடுப்பு வலி வந்தது. நான் பிசியோதெரபி கிளினிக்கில் வேலை செய்கிறவள். நாள் முழுக்க ஊரார் முட்டியையும் முதுகையும் நீவிவிடுகிறவளுக்கு வீட்டில் இருக்கும் இடுப்பைக் கவனிக்காமல் இருக்க முடியுமா? தனியாகப் பஸ் ஏறக்கூடாது என்று கண்டித்துச் சொன்னேன். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமையே சால்வையோடு வாசலில் நின்றார். அந்தப் பிடிவாதத்தோடு மல்லுக்கு நிற்க எனக்குத் தெம்பில்லை, நானும் செருப்பை மாட்டினேன்.

திறப்பு விழா என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. படத்தைப் பார்க்க வந்தவர்கள் அத்தனை பேரும் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். கையில் ஒரு கிளாஸ், தோளில் ஒரு பை, யார் வந்திருக்கிறார்கள், யார் வரவில்லை என்று ஒரு கண். ஒருவர் ரிப்பனை வெட்ட, இன்னொருவர் மைக்கைப் பிடித்து விடாமல் பேசினார். இந்தக் கூட்டத்தில் ஒரு கிழவி எதற்கு வந்தாள் என்று கேட்க ஆளில்லை. அத்தைக்கு வசதியாக இருந்ததே அதுதான். மற்ற நாட்களில் போனால் காவலுக்கு இருக்கிறவன் பின்னாலேயே வருவானாம்.

அவர் பார்க்கும் விதம்தான் விநோதம். மலை, கடல், பூந்தொட்டி எதையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆண்களின் படங்களைத் தாண்டி விடுவிடுவென்று நடந்தார். பெண் உருவம் எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் நின்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். முதலில் பாதம், அப்புறம் முட்டி, தோள், கடைசியாகத்தான் முகம். பார்த்து முடித்ததும் ஒரு பெருமூச்சு. அடுத்த பெண்ணிடம் போனார்.

கடைசிச் சுவரில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் படம். துணி இல்லை. அத்தை என் கையைப் பிடித்தார். விரல்கள் சில்லிட்டிருந்தன. மயங்கிவிழப் போகிறார் என்று பயந்து மெல்ல வெளியே கூட்டிவந்து பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார வைத்தேன்.

"அது நான் இல்ல," என்றார் அத்தை. "தோள் வேற. எனக்கு இவ்வளவு அகலம் கிடையாது."

நான் ஒன்றும் புரியாமல் விழித்தேன். பஸ்கள் வந்து போய்க்கொண்டிருந்தன. எதிலும் ஏறாமல் அத்தை சொல்லி முடித்தார்.

மாமா போய்ச் சேர்ந்தபோது என் கணவர் பள்ளிக்கூடத்தில் எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்த பிள்ளை. பெரிய படிப்பு இல்லாத பெண்ணுக்குக் கிடைத்த வேலைகளில் எதுவும் நிலைக்கவில்லை. கடைசியில் ஓவியக் கல்லூரியில் ஒரு வேலை இருந்தது. மாணவர்கள் பார்த்து வரைவதற்கு ஆடையில்லாமல் ஒரு மேடையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அத்தை உட்கார்ந்தார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பிள்ளை பெரிய வகுப்புக்குப் போகும்வரை.

"ஒருத்தர்கூட ஒரு வார்த்தை தப்பாப் பேசினது இல்லம்மா. குளிருமேன்னு கால்கிட்ட ஹீட்டர் வெப்பாங்க. நடுவுல எழுந்து போய்ட்டு வந்தா அதே மாதிரி உட்காரணும்ல, அதுக்கு என் பாதத்தைச் சுத்தி சாக்பீஸால கோடு போட்டு வெச்சிருப்பாங்க. அந்த ரூம்ல எனக்குப் பயமே இருந்ததில்ல. வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும்தான் பயம்."

"என்ன வேலைன்னு யாரும் கேட்கலையா, அத்தை?"

"கேட்காம இருப்பாங்களா? உட்கார்ந்த வேலைதான்னு சொன்னேன். பொய் இல்லையே. அவங்களா ஆபீஸுன்னு நினைச்சுக்கிட்டாங்க. இவன் பள்ளிக்கூடத்துல போய் எங்கம்மாவுக்கு மேசை நாற்காலி எல்லாம் இருக்குன்னு சொல்லிட்டு வந்தான். அதுக்கப்புறம் நான் வாயைத் திறக்கல."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடுத்த நொடியே அவர் பயம் புரிந்தது. அந்த மாணவர்களில் பலர் இப்போது பெயர் பெற்ற ஓவியர்கள். யாராவது பழைய படத்தைத் தூசி தட்டி எடுத்து மாட்டினால்? பத்திரிகைக்காரன் அதைப் படம் பிடித்துப் போட்டால்? அதற்காகத்தான் முதல் நாளே போகிறார்.

"பார்த்துட்டா என்ன செய்வீங்க? கிழிச்சுடுவீங்களா?"

"தெரியல. அவனுக்கு முன்னாடி நான் பார்த்துடணும். அவ்வளவுதான். அவன் என் முகத்தைப் பார்க்க மாட்டான்டி. அம்மான்னு கூப்பிட மாட்டான்."

அப்படியெல்லாம் இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். என் கணவர் நல்லவர்தான். ஆனால் பக்கத்து வீட்டுப் பெண் சோப்பு விளம்பரத்தில் தோள் தெரிய நடித்தாள் என்று அவள் அப்பாவோடு பேச்சையே நிறுத்திக்கொண்டவர். இன்றைக்கும் அந்த மனிதரைக் கண்டால் போனைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டு நடக்கிறார். மானம் ரோஷம் என்று வந்துவிட்டால் அவருக்கு முன்னால் நிற்கிறவர் யார் என்று தெரியாது.

அன்றிலிருந்து அந்தப் பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. கிளினிக்கில் ஒருவர் முதுகை நீவிக்கொண்டிருக்கும்போதே எந்தத் தெருவில் என்ன கண்காட்சி என்று மனம் ஓடும். அத்தைக்கு முடியாத வாரங்களில் நான் மட்டும் போய்ச் சுவர் சுவராகப் பார்த்துவிட்டு வந்தேன். "மாமியாரும் மருமகளும் ஒரே ரசனை, எங்க பார்க்க முடியும் இந்தக் காலத்துல?" என்று என் கணவர் ஆபீஸில் பெருமை அடித்துக்கொண்டாராம். அதைக் கேட்டபோது எனக்கு ஆத்திரமாக வந்தது. மனிதர் இவ்வளவு அப்பாவியாகவா இருப்பார்?

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் மாலை, சட்டையைக்கூட மாற்றாமல் வந்து அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அம்மா, உனக்கு ஒரு சந்தோஷமான செய்தி. ஓவியக் கல்லூரியில பெரிய கண்காட்சி. ஸ்டோர் ரூம்ல கிடந்த பழைய மாணவர் படமெல்லாம் எடுத்து மாட்டறாங்க. படங்களுக்கு இன்சூரன்ஸ் எங்க கம்பெனி. திறப்பு விழாவுக்கு நான்தான் போகணும். நீயும் வர்ற, கார்ல."

அத்தை காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தி அப்படியே நின்றது. நான் அடுப்பை அணைத்தேன், ஏன் அணைத்தேன் என்று தெரியவில்லை.

"எனக்கு இடுப்பு வலிப்பா," என்றார் அத்தை.

"இடுப்பைப் பார்க்கத்தான் வீட்டுலயே ஆள் இருக்கே! ஊர்ல இருக்கற கண்காட்சிக்கெல்லாம் போவே, பிள்ளை கூப்பிட்டா வர மாட்டியா?"

மறுநாள் மதியம் கிளினிக்கில் பொய் சொல்லிவிட்டுக் கல்லூரிக்கு ஓடினேன். கூடம் பூட்டியிருந்தது, உள்ளே ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது. கண்ணாடிக் கதவில் காகிதம் ஒட்டி மறைத்திருந்தார்கள். காகிதத்தின் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. அத்தையைப் போகவேண்டாம் என்று கெஞ்சிப் பார்த்தேன். "நான் இல்லாம அவன் அதைப் பார்க்கறதா?" என்று திருப்பிக் கேட்டார்.

விழா அன்று கார் ஓட்டும்போது என் கணவர் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். பின்னால் நாங்கள் இருவரும் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

முதல் அறையில் மரங்கள், ஜாடிகள், துள்ளும் குதிரை ஒன்று. எனக்கு உயிர் வந்தது. இரண்டாவது அறையில் நுழைந்ததும் அந்த உயிர் போயிற்று. நான்கு சுவரிலும் ஒரே பெண்.

மாணவர்கள் மேடையைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து வரைவார்கள். அவரவர் உட்கார்ந்த இடத்திலிருந்து தெரிந்ததை அவரவர் வரைந்திருந்தார்கள். யாரோ ஒரு கெட்டிக்காரர் அந்தப் படங்களை அதே வரிசையில் மாட்டியிருந்தார். சுவரோரமாக நடந்தால் அந்தப் பெண் மெல்லத் திரும்பினாள். முதுகு, பக்கவாட்டுத் தோள், மார்பு, முகம். எல்லாம் கரித்துண்டால் வரைந்தவை. வீட்டில் அத்தையின் இளவயதுப் போட்டோ ஒன்றுகூட இல்லாதது ஏன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நல்ல வேளை, திறமைசாலிகள் கைவரிசையைக் காட்டியிருந்தார்கள். ஒருவர் காதுவரை நீண்ட கண் வைத்திருந்தார். ஒருவர் தன் காதலியின் மூக்கையோ என்னவோ ஒட்டவைத்திருந்தார். பாதிப் பேர் முகத்தை வெறும் வட்டமாக விட்டிருந்தார்கள். மூலையில் மட்டும் சின்னதாக ஒரு படம். அந்த மாணவர் மந்தம் போலிருக்கிறது, கொடுத்த நேரத்துக்குள் கழுத்தைத் தாண்டி இறங்கவே இல்லை. கோடுகள் முண்டும் முடிச்சுமாக இருந்தன, ஆனால் முகம் அத்தையின் முகம். நான் பாலைப் பொங்கவிட்டால் என்னை எப்படிப் பார்ப்பாரோ அதே பார்வை.

அதை மறைத்துக்கொண்டு நிற்கலாம் என்று நான் நகர்வதற்குள் என் கணவர் ஜூஸ் கிளாஸோடு வந்துவிட்டார். சுற்றிப் பார்த்தார். காது மடல் சிவந்தது.

"அடக் கடவுளே, இதுக்கா அம்மாவைக் கூட்டிட்டு வந்தேன்! அம்மா, நீ முன் ரூமுக்குப் போ."

அத்தை போகவில்லை. "பாவம்ப்பா, என்ன கஷ்டமோ," என்றார் மெதுவாக.

"என்ன கஷ்டம்? கஷ்டப்பட்டா இப்படியா? நீயும்தான் கஷ்டப்பட்டே."

"அவளுக்குப் பிள்ளை குட்டி இருந்திருக்கும்."

"இருந்தா? அந்தப் பிள்ளை வந்து இதைப் பார்த்தா வெளியில தலை காட்டுமா? இவ வயித்துல பொறந்தோமேன்னு நொந்தே போயிடும்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்வாரே, அந்தக் குரல். கிளாஸைப் பிடுங்கி அவர் சட்டையிலேயே ஊற்றலாமா என்று எனக்குக் கை பரபரத்தது. அத்தையின் பிடி என் மணிக்கட்டில் இறுகியது.

அத்தை என் கையை விட்டுவிட்டு நகர்ந்தார். அறை நடுவில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பயத்தில் மனம் எங்கேயோ போயிருக்க வேண்டும், உடம்பு பழைய வழக்கத்தைப் பிடித்துக்கொண்டது. முதுகு நிமிர்ந்தது. இடது கை நாற்காலியில் ஊன்றியது. தலை ஜன்னல் பக்கம் திரும்பி அப்படியே நின்றது. நான்கு சுவரிலும் இருந்த பெண் நடுவில் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அத்தை, எழுந்திருங்க," என்று குனிந்தேன். அதற்குள் ஒருவர் பார்த்துவிட்டார். அன்றைய சிறப்பு விருந்தினர், வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்ட ஒரு பெண் ஓவியர். பேசிக்கொண்டிருந்தவர்களை அப்படியே விட்டுவிட்டு நேராக வந்தார்.

"நீங்க... நீங்கதானே?" என்று அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கம்மாவை உங்களுக்குத் தெரியுமா?" என் கணவருக்கு முகமெல்லாம் பல்.

அந்த ஓவியர் என் கணவரைப் பார்த்தார். அப்புறம் அத்தையின் கண்ணைப் பார்த்தார். அங்கே என்ன எழுதியிருந்ததோ, படித்துவிட்டார்.

"இல்ல, வேற ஒருத்தங்கன்னு நினைச்சேன். அவங்களைப் பார்த்துத்தான் நான் வரையவே கத்துக்கிட்டேன். ஒரு நன்றிகூடச் சொன்னதில்ல."

"டீச்சரா?"

"டீச்சர் மாதிரிதான்," என்றவர் அத்தையின் கையை விட மனமில்லாமல் விட்டுவிட்டுப் போனார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அத்தை கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தார். முன்னால் என் கணவர் பேசிக்கொண்டே ஓட்டினார். கல்லூரிக்காரர்கள் அவர் ஆபீஸுக்கு ஒரு படம் பரிசாகத் தருகிறார்களாம், அவரையே ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளச் சொன்னார்களாம்.

"எதை எடுப்பீங்க?" என்றேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் படாத பாடு பட்டேன்.

"குதிரைதான். வேற எதை ஆபீஸ்ல மாட்ட முடியும்?"

அன்றிரவு அத்தை என்னைக் கூப்பிட்டு, "பார்த்துட்டான். தெரியல. இனிமே எனக்கென்ன பயம்?" என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். ஆனால் பிள்ளை சொன்ன வார்த்தையைப் பற்றி இருவருமே பேசவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை சால்வையைத் துவைத்து மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். இடுப்பு வலிகூடக் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. நானும் சுவர்களை மறந்து கிளினிக்கில் முதுகுகளை ஒழுங்காகப் பார்த்தேன்.

கண்காட்சி முடிந்து சில நாள் கழித்து, சாப்பாட்டு மேசையில் என் கணவர் தானாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, சொல்லிட்டுச் சிரிச்சா நாங்களும் சிரிப்போம்ல?"

"அந்தப் படம் இன்னிக்கு ஆபீஸுக்கு வந்துச்சு."

"குதிரையா?"

"குதிரையை எடுக்கத்தான் போனேன். அந்த ரூம்ல மூலையில ஒரு சின்னப் படம் இருந்துச்சு, நீ கவனிச்சிருக்க மாட்ட. வெறும் முகம்தான், விகாரமா ஒண்ணும் இல்ல. எனக்கென்னவோ அதை விட்டுட்டு வர மனசு வரல. என் சீட்டுக்கு எதிர்லயே மாட்டியிருக்கேன்."

அத்தை தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல கூத்து என்னன்னா, ஆபீஸ்ல எல்லாரும் சார் சாடை இருக்கு, சார் சாடை இருக்குன்னு ஒரே கிண்டல். மேனேஜர் என்னைப் பக்கத்துல நிக்க வெச்சு போட்டோ வேற எடுத்துட்டார்." போனை எடுத்து அத்தையிடம் நீட்டினார். "அம்மா, நீயே சொல்லு. இருக்கா?"

அத்தை போனைக் கையில் வாங்கினார். நான் எட்டிப் பார்த்தேன். ஒரே தாடை, ஒரே புருவம். ஒன்று கரித்துண்டால், ஒன்று மீசையோடு. இது சாடை இல்லை, அச்சு. பேச்சை மாற்ற, ரசப் பாத்திரத்தை அவர் பக்கம் நகர்த்தினேன்.

அத்தை வெகுநேரம் பார்த்தார். தன் இளவயது முகத்தை அவர் அதற்குமுன் நிதானமாகப் பார்த்திருப்பாரோ என்னவோ. பிறகு போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"ஒண்ணும் இல்லடா," என்றார். "உனக்கு உங்கப்பா சாடை."

என் கணவர் சிரித்துக்கொண்டே போனை வாங்கினார். சிரிப்பு பாதியில் நின்றது.

"அப்பா சாடையா? அப்பா சாடை துளிகூட இல்ல, அப்படியே என்னை உரிச்சு வெச்சிருக்குன்னு நீதானேம்மா எல்லார்கிட்டயும் சொல்லுவே?"

அவர் மறுபடி போனைப் பார்த்தார். படத்தை விரலால் பெரிதாக்கினார். நிமிர்ந்து அத்தையைப் பார்த்தார். அத்தை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. வெளிச்சம் விழும் இடத்தில், ஒருவர் பார்த்து முடிக்கும்வரை அசையாமல் இருப்பது அவருக்குத் தெரியும்.

என் கணவருக்குத் தெரிந்துவிட்டது. போனைத் தட்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தார். அவர் எழுந்து போய்விடுவார் என்று பயந்து அவர் நாற்காலியின் பின்பக்கத்தை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா," என்றார் அவர். கூப்பிட்டாரா, கேட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை.

"சொல்லுப்பா," என்றார் அத்தை.